உடனே சொல்ல வேண்டிய செய்தி

பிள்ளைகளே, அம்மா இறந்துபோன நாளைப் பற்றிப் பெரியவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. தனியாக உட்கார்ந்து அழுகிறாள் என்று சின்னவன் சொன்னான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வளைகுடா நாட்டில், முசஃபாவில், எங்கள் கம்பெனிக்கு மீனும் கோழியும் வைக்கிற குளிர் அறைகள் இருக்கின்றன. நான் ஐ.டி.ஐ. படித்த ஏ.சி. மெக்கானிக். இப்போது அறைக்கு ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். உள்ளே எவ்வளவு குளிர், கதவு திறந்திருக்கிறதா என்பதை அது தானாகவே இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்குச் சொல்லும். சர்வர் என் போனுக்குச் சொல்லும். இதற்கு வெப்ஹூக் என்று பெயர்.

ஒருநாள் கம்ப்ரசர் நின்றது. அலாரம் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. மீன் எல்லாம் கெட்டுப்போனது. சரிசெய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப்பில் ஒரு பழக்கம் உண்டு. அந்தப் பக்கம் போனை எடுக்கவில்லை என்றால், எடுக்கும்வரை மிஸ்டு கால் விட்டுக்கொண்டே இருப்போம். பெட்டியையும் அப்படியே செட் செய்தேன். பதில் வராவிட்டால் உடனே திரும்ப அனுப்பு, நிறுத்தாதே. நிலைமை இன்னும் மோசமானது. சர்வரிடமிருந்து 429 என்ற எண் மட்டும் திரும்பித் திரும்பி வந்தது.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் கீழக்கரைக்காரர். அவர்கள் ஊர் வழக்கப்படி, அண்ணனைக் கூப்பிடுவதுபோல், காக்கா என்று கூப்பிடுவேன். அவர் ஸ்கிரீனைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்ப்பா, ஒம்பொட்டி நிமிசத்துக்கு நூறுதரம் நான் நல்லாருக்கேன், நான் நல்லாருக்கேன்னு கத்துது. எவன் காது கொடுப்பான்? அதான் அங்க கதவைச் சாத்திட்டான்."

"அப்ப அலாரம் எங்க காக்கா?"

"அந்தக் கூட்டத்துக்குப் பின்னாடி நிக்குது, பாவம்."

அந்த 429 என்ற எண்ணுக்கு அதுதான் அர்த்தம். அளவு மீறிவிட்டாய், பொறு.

அந்த வாரம் சோதனைச் செய்திகள் எல்லாம் என் போனுக்குத்தான் வந்தன. நடுவில் ஊரிலிருந்து அம்மா கூப்பிடுவாள். சின்னவனுக்குப் பல் ஆடுகிறது, தண்ணி லாரி வரவில்லை, புளிக்குழம்பு வைத்தேன். ஏணியில் நின்றபடி அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

"டியூட்டில சும்மா சும்மா அடிக்காத. எல்லாத்தையும் சேத்து வச்சு ஆறு மணிக்கு மேல ஒரேடியா சொல்லு."

"சரிங்க. இனிமே அடிக்கல." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான்காம் நாள் வழி கிடைத்தது. சாதாரணச் செய்திகளைச் சேர்த்து வைத்துக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். சர்வர் பொறு என்றால் பொறுத்து, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தள்ளி முயல வேண்டும். ஆனால் ஆபத்து என்றால் எதற்கும் காத்திருக்காமல் நேரே போக வேண்டும். கதவைத் திறந்து வைத்துப் பார்த்தோம். உடனே என் போன் அலறியது. "கலாஸ், முடிஞ்சுது!" என்று காக்கா என் முதுகில் தட்டினார். ரொம்ப நாள் கழித்து மனம் நிறைந்து சிரித்தேன்.

அன்று மாலை ஆறு மணி தாண்டிப் போன் வந்தது. அம்மா என்று நினைத்து எடுத்தேன். பெரியவளே, நீதான் பேசினாய். அம்மா போய்விட்டாள் என்றாய்.

மத்தியானமே அம்மாவுக்கு நெஞ்சு அடைத்ததாம். வேர்த்துக் கொட்டியதாம். "அப்பாவைக் கூப்பிடவாம்மா?" என்று நீ கேட்டாய். "வேணாம்டி, டியூட்டில திட்டுவாரு. சாயங்காலம் சொல்லிக்கலாம்" என்றாள். அப்போதே எனக்குப் போன் வந்திருந்தால், உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.

மகளே, நீ கேட்டாய். அது போதும். தப்பு உன்னுடையது இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். ஆபத்து என்றால் காத்திருக்காதே என்று ஒரு இரும்புப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

போன வாரம், ஏணியில் நிற்கும்போது சின்னவன் கூப்பிட்டான். மாடிப்படிக்குக் கீழே பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறதாம். இறங்கி வந்து தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு குட்டியும் என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டேன்.