அலுமாரிக்கு மேல் இருந்த பொம்மை

பிள்ளைகளே, நேற்று அந்தப் பேய்ப் பொம்மைப் படத்தின் மூன்றாம் பாகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டீர்கள்: "பொம்மையைத் தூக்கி எறிஞ்சா முதல் பாகத்திலேயே படம் முடிஞ்சிடுமே, வாப்பா?" எனக்குப் பதில் தெரியும். நான் எறிந்து பார்த்தவன்.

நீங்கள் பிறப்பதற்கு முன் உங்கள் மாமி, அதாவது எனக்கு மூத்தவளான என் ராத்தா, சவூதியில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போயிருந்தார். கைப்பிள்ளையாக விட்டுப்போன அவருடைய மகள் கரைத்தீவில் எங்களோடுதான் வளர்ந்தாள். அவளுக்குத் தாய் என்றால் தொலைபேசியில் வரும் குரல்தான். ஒருமுறை பார்சலில் பெரிய பொம்மை ஒன்று வந்தது. மஞ்சள் முடி, மூடித் திறக்கும் கண். வயிற்றை அமுக்கினால் அரபியில் ஏதோ சொல்லும். எங்கள் வீட்டில் அரபி என்றால் குர்ஆன் ஓதுவது மட்டும்தான். அதனால் உங்கள் உம்மா, "அரபு பேசுற சாமான், காலடியில கிடக்கப்படாது" என்று அதை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டார். பிள்ளைக்கு எட்டாத உயரம். அங்கிருந்து அது எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு பக்கத்து வீட்டில் பேய்ப் பொம்மைப் படம் போட்டார்கள். கொஞ்ச நாளில் இரண்டாம் பாகமும் போட்டார்கள். அதிலும் பொம்மை உயரத்தில் இருந்துதான் பார்க்குமாம். அந்த நேரம் பார்த்து எங்கள் பொம்மையின் பெட்டரி இறங்கி, யாரும் தொடாமலே சிலவேளை இழுத்து இழுத்துப் பேசத் தொடங்கியது. பிள்ளை அந்த அறைக்குப் போக மறுத்தாள். அதைக்கூடச் சமாளித்திருப்போம். ராத்தா தொலைபேசி எடுத்தால் பேசவும் மறுத்தாள். "அதை அனுப்பினது அவங்கதானே" என்றாள். ராத்தா லீவில் வர இருந்த நேரம் அது. தாயைக் கண்டதும் பிள்ளை ஓடிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

பொம்மையை ஆலங்குடாவுக்குக் கொண்டுபோய்க் கடலில் போட்டிருக்கலாம். அவ்வளவு தூரம் போகப் பஞ்சிப்பட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் களப்பில் போட்டேன். அலையில்லாமல் தேங்கி நிற்கும் களப்பு எதையும் தூரக் கொண்டுபோகாது. அடுத்த நாளே பக்கத்து வீட்டுக்காரர் வலையில் மாட்டிய பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "மச்சான், ரெண்டாம் பாகம் வந்திருக்கு, கதவைத் திறங்க!" அவருக்குச் சிரிப்பு. பிள்ளை கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள்.

ராத்தா வந்து இறங்கியபோது அது வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை உங்கள் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். ராத்தா அவளைக் கூப்பிடவில்லை. பொம்மையை எடுத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சத்தம் இல்லை.

"அது என்னதான் சொல்லுது, மதினி?" என்று உங்கள் உம்மா கேட்டார்.

"'பசிக்குது உம்மா, என்னைத் தூக்குங்க' எண்டு சொல்லும். நான் பார்க்கிற பிள்ளைக்கிட்டயும் இதே பொம்மைதான். நாளெல்லாம் ரெண்டையும் தூக்கித் தூக்கிக் கை விட்டுப்போச்சு."

முந்தானைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது: "அப்ப எங்கட வீட்டில ஏன் ஒருத்தரும் தூக்கல்ல?"

ராத்தா பொம்மையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். பிள்ளை போனாள். பொம்மையைச் சுற்றிக்கொண்டுதான் போனாள், ஆனாலும் போனாள்.

எல்லோரும் சாப்பிட உள்ளே போன பிறகு முற்றத்தில் நான் மட்டும் நின்றேன். ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கழுத்துக்குக் கீழே கைகொடுத்து அதைத் தூக்கித் தோளில் சாய்த்தேன். உள்ளே தேங்கியிருந்த களப்புத் தண்ணீர் என் முதுகில் இறங்கியது. வேலிவரை மெதுவாக நடந்துபோய்த் திரும்பி வந்தேன்.