பிரிவதற்காகத் தைத்த துண்டு

உங்கள் அம்மா தைத்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், பிரிவதற்காகவே அவள் தைத்த ஒரு துண்டைத்தான் சொல்வேன். அது மேடையேறிய அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் முன்வரிசைக்குப் பக்கத்தில்தான் இருந்தீர்கள். சின்னவள் பாதியிலேயே தூங்கிவிட்டாள். பெரியவன் எதற்கென்று தெரியாமலே கைதட்டினான். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

பொங்கலுக்கு முன்னால் நம் பஜாரில் புதிதாக ஒரு துணிக்கடை திறந்தார்கள். திறப்பு விழாவுக்கு மண்டபத்தில் ஒரு ஃபேஷன் ஷோ. 'கிராமத்து மணம்' என்று பெயர் வைத்தார்கள். துணிகளை வடிவமைத்தது சென்னையில் படித்துவிட்டு வந்த ஒரு பெண். நம் சுரங்க நகரியத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்தான். தைக்கிற வேலை அம்மாவுக்கு வந்தது. ஜாக்கெட்டும் ஸ்கூல் யூனிஃபாரமும் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். நன்றாக அமைந்தால் கடையின் தையல் வேலை முழுவதும் இவளுக்கே என்று பேச்சு. மேடையில் நடக்கப் போகிற பையன்களில் உங்கள் மாமாவும் ஒருவன். ஜிம்முக்குப் போய் வளர்த்த தோளை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாளாக ஆசை.

நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அந்தப் பெண் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"துண்ட வேட்டியோட சேர்த்து இடுப்புலயே தச்சிடுங்கக்கா. நடக்கறப்ப அவுந்துடக் கூடாது."

அம்மா மெஷினிலிருந்து காலை எடுத்தாள். "அவுரக் கூடாதுன்னுதான் அப்பவும் சொன்னாங்க, பாப்பா."

"எப்பக்கா?"

"எங்க மாமனாரு காலத்துல."

உங்களுக்குத் துண்டு என்றால் தலை துவட்டுகிற சாமான். உங்கள் தாத்தா கூலிக்குப் போன காலத்தில் அப்படியில்லை. நிலக்காரர் தெருவில் கால் வைக்கும்போதே தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிவிட வேண்டும். நம்மைப் போன்றவர்கள் தோளில் போட்டால் திமிர் என்பார்கள். மறந்து போட்டவனை அடித்திருக்கிறார்கள். சில நாள் தாத்தா நம் வீட்டில் சாப்பிட உட்காரும்போதும் அது இடுப்பிலேயே இருக்கும். அவிழ்க்கவே தோன்றாது அவருக்கு. நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை வரவில்லை. "இது ஒரு லுக்தானேக்கா. நானா கண்டுபுடிக்கல. பழைய போட்டோவுல எல்லாருமே இப்படித்தான் கட்டியிருக்காங்க, பாருங்க" என்று போனை எடுத்தாள்.

பெரிய வீட்டு வாசல். வரிசையாக ஆட்கள் கைகட்டி நிற்கிறார்கள். நடுவில் ஒருவர் நாற்காலியில். இடுப்பு முடிச்சைக் காட்டுவதற்காக அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு ஆளாக நகர்த்திக்கொண்டே வந்தவள் நாற்காலிக்காரரிடம் வந்ததும் நின்றுவிட்டாள். அவருடைய துண்டு தோளில் இருந்தது.

"இவருக்கு மட்டும்..." என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும் பாப்பா, யாரும் சொல்லி வெக்கலியே" என்றாள் அம்மா.

அதுவரை கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த மாமா எழுந்தான். "நான் இதக் கட்டிகினு ஒரு அடி வெக்க மாட்டேன். மச்சானோட மைன்ஸ் ஆளுங்க எல்லாம் வந்து ஒக்காந்துகினு இருப்பாங்க."

ஆனால் கடைக்காரர் அதே துண்டை வேட்டியோடு செட்டாக விற்கப் போகிறார். மாட்டோம் என்றால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். அம்மாவுக்கு ஆர்டரும் வேண்டும், அந்தத் துண்டு இந்த ஊரில் இடுப்பில் விலைபோகவும் கூடாது.

"துண்டே வேணாம், எடுத்துடலாம்" என்றாள் அந்தப் பெண்.

"அத எதுக்கு எடுக்கணும்? துண்டு இன்னா பண்ணிச்சி? அது இருக்கற எடம்தான் தப்பு."

அம்மா துண்டை வேட்டியின் இடுப்பில் வைத்து, ஊசியால் நீளநீளமாக நாலு தையல் போட்டாள். நூலின் நுனியை வெளியே விட்டாள். "இந்தா, இதப் புடிச்சி இழுத்தா வந்துடும். மேடையில நீயே பிரி."

மாமா யோசித்தான். "பிரிக்கறது நானா? அப்ப வரேன். ஆனா துண்டோட வேட்டியும் வந்துடப் போவுதுக்கா."

"வந்தா வரட்டும். ஜிம்முக்குப் போனது வீணாவாது."

அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கடைக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்று போனாள். பேசவில்லை என்பது மண்டபத்துக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கடைக்காரர் குடும்பத்தோடு முன்வரிசையில் இருந்தார். பாட்டுச் சத்தத்தில் மாமா வந்தான். இடுப்பில் துண்டு, குனிந்த தலை, படத்தில் நின்றவர்களைப் போலவே மார்போடு கட்டிய கை. அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. மண்டபத்தில் வயதானவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மேடை நுனிக்கு வந்து நூலை இழுத்தான். வரவில்லை.

"இன்னாடா, அவுருமா அவுராதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. அம்மா என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

இன்னொரு இழுப்பு. நூல் நீளமாக உருவிக்கொண்டு வந்தது. துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டான். தலையை நிமிர்த்தி, கையை வீசி, அந்த மேடை முழுவதும் தன்னுடையது என்பதுபோல் நடந்தான். அதேபோல் தைத்த துண்டோடு பின்னால் வந்த பையன்களும் ஒவ்வொருவராக நூலை உருவினார்கள்.

ஷிப்ட் முடிந்து யூனிஃபாரத்தோடே வந்து பின்னால் நின்றிருந்த எங்கள் ஆட்களிடமிருந்து விசில் கிளம்பியது. என்னோடு கன்வேயர் பெல்ட்டில் வேலை செய்கிறவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். பக்கத்திலிருந்தவர் கைக்குட்டையைப் போட்டார். முகத்தைத் திருப்பிய பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன், தூங்குகிற சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு.

கடைக்காரர் திரும்பி அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். ஷோ முடிந்ததும் நேராக அந்தப் பெண்ணிடம் வந்தார். "இந்தப் பிரிக்கற யோசனை யாருதும்மா?"

"அக்காவோடது சார்" என்று கை காட்டினாள்.

"அப்ப இனிமே எல்லா செட்டுலயும் துண்டு தோளுக்குத்தான். நம்ம கடைத் தையல நீங்களே பாத்துக்குங்கம்மா."

இப்போது கடை வாசலில் நிற்கிற பொம்மையின் தோளில் அந்தத் துண்டு இருக்கிறது. பஜார் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்வாள். போன வாரம் காற்றில் துண்டு சரிந்து பொம்மையின் கைமேல் கிடந்தது. அம்மா இறங்கிப் போனாள். அதை எடுத்து உதறினாள், தோளில் போட்டாள், ஒரு எட்டு தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். திரும்பி வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"ம், போலாங்க" என்றாள்.