மூன்று நாள் தாமதமும் ஐகோர்ட்டுத் தீர்ப்பும்

அவனை ஜாமீனில் விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆம்பூர் ஸ்டேஷனில் மாலையோடு ஒரு கூட்டமே காத்திருந்தது என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு போயிருந்தால் தாங்கியிருப்பேன். மேளம் வைத்து எங்கள் தெரு வழியாகவே அவனைக் கூட்டிவந்தார்கள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். வேலூர் செஷன்ஸ் கோர்ட்டில் ஐந்து வருஷம் கடுங்காவல் என்று தீர்ப்பான மனிதன், நான்கே மாதத்தில் கழுத்து நிறைய மாலையோடு என் வாசலைக் கடந்து போனான்.

என் பெயர் மரகதம். மாதனூரில் பிறந்து ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். சபையில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். நடந்தது முழுக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான். எங்கள் போதகரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்போம். அவர்தான், "வேற யாரும் எழுத வேணாம் மரகதம், நீயே உன் கையால எழுது" என்றார். நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் பிழை இல்லை.

சுதந்திரம் வந்து எட்டாவது வருஷம், ஆனி மாதக் கடைசி. நான் ஒரு தோல் ஷாப்பில் பட்டைக் கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்தேன். தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். மலையடிவாரத்திலிருந்து வண்டியில் வரும் பட்டையைப் பிரித்து, உலர்த்தி, கட்டி அடுக்குவது எங்கள் வேலை. என் வீட்டுக்காரர் தேவராஜுக்கு அந்தப் பட்டையைக் கொண்டுவரும் மாட்டுவண்டி. போனால் மூன்று நாள், நான்கு நாள் கழித்துத்தான் வருவார்.

கிடங்குக்கு ஒரு மேஸ்திரி இருந்தான். அவன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மற்றப் பெண்களை முன்னதாகவே அனுப்பிவிட்டு, ஒரு கட்டு குறைகிறது என்று என்னை மட்டும் நிறுத்தினான். கதவைச் சாத்தினான். என்னைப் பலவந்தப்படுத்தினான். அதற்கு மேல் எழுத மாட்டேன். எழுத வேண்டிய இடத்தில், கோர்ட்டில், நீதிபதிக்கு முன்னால், ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். "கெட்டுப்போனவள்" என்று ஊர் சொன்னது. கெட்டுப்போனது அவன்.

கிடங்கை விட்டு வந்தவள் நேரே ஜைத்தூன் ஆப்பாவின் வீட்டில் போய் விழுந்தேன். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அக்காவை ஆப்பா என்போம். அதே ஷாப்பில் தோலிலிருந்து உதிரும் மயிரைத் தரம் பிரிக்கிறவர். என்ன நடந்தது என்று நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டார். பிறகு தன் துப்பட்டியை எடுத்து என்மேல் போர்த்தி, பக்கத்துத் தருமாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரே ஒரு நர்ஸம்மா. என் இரண்டு மணிக்கட்டிலும் ரத்தம் கட்டியிருந்ததைப் பார்த்தார். மருந்து போட்டார். கேட்டதையும் பார்த்ததையும் தன் நோட்டில் எழுதினார். அவர் எழுதுவதை நான் அன்று கவனிக்கக்கூட இல்லை.

போலீசுக்கு நான் போனது நான்காம் நாள். வீட்டுக்காரர் மலையிலிருந்து திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன். புருஷனுக்குச் சொல்லாமல் ஸ்டேஷன் படி ஏற எனக்குத் தைரியம் இல்லை. அவர் வந்தார். சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னை ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார். பிராது கொடுத்தோம். கேஸ் வேலூருக்குப் போயிற்று. நான் சொன்னேன், ஆப்பா சொன்னார், நர்ஸம்மா சொன்னார். தண்டனை ஆயிற்று.

அதற்குப் பிறகு மெட்ராஸ் ஐகோர்ட்டில் அப்பீல். அது முடியும்வரை அவனுக்கு ஜாமீன்; முதலில் சொன்ன மாலையும் மேளமும் அப்போதுதான். அவன் தரப்பில் பெரிய வக்கீல். அப்பீலில் எழுதியிருந்த காரணங்கள் எங்கள் தெரு டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தன. பார்த்த சாட்சி ஒருவரும் இல்லையாம். மணிக்கட்டுக் காயம் பட்டைக் கட்டு தூக்குகிற எவளுக்கும் வருமாம். மூன்று நாள் சும்மா இருந்தவள் நான்காம் நாள் யோசித்துக் கட்டிய கதையாம். நர்ஸ் நோட்டில் இருக்கும் வரி பிற்பாடு இடைச்செருகலாக எழுதியதாம். சாட்சியம் பலமில்லை, ஆகவே விடுதலை செய்ய வேண்டும் என்பது கோரிக்கை.

ஜனங்களுக்கு இது போதுமானதாக இருந்தது. குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நிற்கும். அவனுடைய மாமன் ஒருவர் வீட்டுக்கே வந்தார்.

"தோ பாரும்மா, இருட்டுல ஆளு சரியாத் தெரியலன்னு ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்து போட்டுடு. உன் வூட்டுக்காரனுக்கு ஷாப்புல நிரந்தரமா வேலை. ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார்.

"இருட்டு இல்லீங்க. வெளிச்சம் இருந்துது. ஆளு நல்லாத் தெரிஞ்சுது" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அதையெல்லாம் தாங்கினேன். தாங்க முடியாதது வேறு. ஒருநாள் சோறு போட்டு வைத்தேன். என் வீட்டுக்காரர் தட்டில் கை வைக்காமல் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மூணு நாளு இன்னாத்துக்கு மரகதம் சும்மா இருந்தே?"

"நீங்க வரட்டும்னுதாங்க இருந்தேன்."

"ஊர்ல கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?"

அவர் சாப்பிடாமல் எழுந்து மாட்டைப் பார்க்கப் போனார். அவர் என்னைச் சந்தேகப்பட்டாரா, ஊருக்குச் சொல்ல ஒரு பதில் தேடினாரா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. பாலாற்று மணலில் இறங்கி எங்காவது நடந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

நான் ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தில் பிறந்தவள்தான். ஆனால் அதுவரை ஜெபம் என்றால் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பது. அன்று மத்தியானம் ஒப்பிக்க ஒன்றும் வரவில்லை. மண் தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, அவனுக்கு என்ன ஆகட்டும் என்று நான் கேட்கவில்லை. நான் சொன்னது உண்மை. அது உமக்குத் தெரியும். பார்க்க வேண்டியவர் கண்ணில் அது படட்டும்" என்றேன். அவ்வளவுதான் ஜெபம். எழுந்தபோது அழுகை நின்றிருந்தது. பசித்தது. அவர் வைத்துவிட்டுப் போன சோற்றையே சாப்பிட்டேன். அதன் பிறகு தினமும் மத்தியானம் அதே வார்த்தைதான்.

ஐயரம்மா வியாழக்கிழமைகளில் வந்து என்னோடு முழங்காலில் நின்றார். ஆப்பா தன் தொழுகையில் எனக்காகத் துவா கேட்டார். "நீ உன் சாமிகிட்ட கேளு, நான் அல்லாகிட்ட கேக்கறேன். ஜாஸ்தி பேஜார் பண்ணிக்காதே" என்பார். இதை எழுதாமல் விட்டால் நான் சொல்லும் சாட்சி முழுமையாகாது.

அப்பீல் விசாரணைக்கு வரும் தேதி தெரிந்தது. அங்கே நான் போக வேண்டியதே இல்லை என்றார் வேலூர் வக்கீல் குமாஸ்தா. மறுபடி சாட்சி கேட்க மாட்டார்கள், காகிதத்தைப் பார்த்து வாதம் செய்வார்கள், சர்க்கார் வக்கீல் பேசுவார் என்றார். "என்னைப் பத்திப் பேசறாங்க. நான் அங்க உக்காரணும்" என்றேன். ஐயரம்மா வருகிறேன் என்றார். ஆப்பாவும் மூட்டை கட்டினார். ரயில் ஏறப் போனால், ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நான்கு டிக்கெட்டோடு நிற்கிறார்.

ஐகோர்ட்டில் எல்லாம் இங்கிலீஷ். நாங்கள் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். அவனுடைய வக்கீல் முற்பகல் முழுக்கப் பேசினார். வார்த்தை புரியாவிட்டாலும் கையைப் பார்த்தால் புரிந்தது. மூன்று விரலை நீட்டி நீட்டிப் பேசினார். என் மூன்று நாள். அவர் ஒவ்வொரு தடவை விரலை நீட்டும்போதும் ஆப்பா என் கையை இறுக்கினார். என் உள்ளே அதே வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க வேண்டியவர் கண்ணில் படட்டும்.

பிறகு ஒரு டைப் அடித்த காகிதத்தை உயர்த்திக் காட்டி, ஒரு வரியைத் தட்டித் தட்டிப் பேசினார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கீழே இருந்த சிப்பந்தியிடம் ஏதோ கேட்டார். காகிதக் கட்டுகளைப் பிரித்தார்கள். கொஞ்ச நேரம் தேடினார்கள். கட்டின் அடியிலிருந்து ஒரு பழைய நோட்டு வந்தது. நீல அட்டை. நர்ஸம்மாவின் நோட்டு. அதுவரை எல்லோரும் டைப் அடித்த நகலை வைத்தே வாதாடியிருக்கிறார்கள். அசல் யார் கையிலும் இல்லை.

நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தப் பக்கத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். முன்பக்கம் திருப்பினார். பின்பக்கம் திருப்பினார். மறுபடி அதே பக்கம். பிறகு நோட்டை அவனுடைய வக்கீலிடமே கொடுக்கச் சொல்லி ஒரு கேள்வி கேட்டார். வக்கீல் நோட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் மூன்று விரலை நீட்டவே இல்லை.

வெளியே வராந்தாவில் சர்க்கார் வக்கீலின் ஜூனியர், சின்ன வயசுக்காரர், எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"உங்க வரிக்குக் கீழயே அதே தேதியில ஒரு பிரசவம் எழுதியிருக்காங்கம்மா. பொம்பளப் பிள்ளை, ஆறு ராத்தல். நடுவுல ஒரு நூல் இடம் இல்ல. அதே மை, அதே கை. உங்க வரிய பிற்பாடு நுழைச்சிருந்தா அந்தக் குழந்தையையும் பிற்பாடுதான் பொறக்க வச்சிருக்கணும், அப்படித்தானேன்னு கேட்டாரு ஜட்ஜ். கீழ்க்கோர்ட்டுல நர்ஸை ஏன் இதைப் பத்தி ஒரு கேள்வி கேக்கலன்னும் கேட்டாரு."

ஐயரம்மா அந்த வராந்தாவிலேயே கண்ணை மூடிக்கொண்டார். ஆப்பா, "அந்தக் குழந்தை நல்லா இருக்கணும்" என்றார். என் வீட்டுக்காரர் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தீர்ப்பு ஐந்து வாரம் கழித்து வந்தது. குமாஸ்தா வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் வாசலில் நின்று நகலைத் தமிழில் சொன்னார். அப்பீல் தள்ளுபடி. தண்டனை உறுதி. நடந்த கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பெண்களிடம் சொல்லியிருக்கிறாள், ஒருவர் எழுதியும் வைத்திருக்கிறார், இதைவிடப் பலமான துணைச் சாட்சியம் என்ன வேண்டும் என்று எழுதியிருந்ததாம். மூன்று நாளைப் பற்றியும் இருந்தது. புருஷன் ஊரில் இல்லாத ஏழைப் பெண் அவன் வரும்வரை காத்திருந்தது இயல்பு, அது அவள் சொல்லைக் குறைக்காது என்று.

அந்த வரியைக் குமாஸ்தா சொல்லி முடித்ததும் என் வீட்டுக்காரர், "இன்னொரு வாட்டி படிங்க சார்" என்றார். அவர் மறுபடி படித்தார். தெருவில் ஏழெட்டுப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மரகதம், அந்தக் கேள்விய ஊரு கேட்டா கேட்டுட்டுப் போவுது. நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர். அத்தனை பேர் முன்னால் சொன்னார். எனக்கு ஐகோர்ட்டுத் தீர்ப்பு அதோடுதான் முடிந்தது.

மறு வாரம் அவன் கோர்ட்டில் சரணடைந்தான். வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அன்று மேளம் இல்லை. நான் அதைப் பார்க்கப் போகவில்லை. அன்றைக்குக் குழாயடியில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் குடத்தை நகர்த்தி, "நீ புடிச்சுக்கோக்கா" என்றாள். நான் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஸ்தோத்திரம் சொல்ல எழுந்தவள், சொல்ல முடியாமல் சிரித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் போதகர் ஐயரும் என்னைக் கோபிக்கவில்லை.

இதெல்லாம் நடந்து இப்போது ஒன்பது வருஷம் ஆகிறது. நான் அந்த ஷாப்புக்குத் திரும்பிப் போகவில்லை. நர்ஸம்மாவிடம் வேலை கற்றுக்கொண்டு அதே தருமாஸ்பத்திரியில் இருக்கிறேன். வருகிற பெண்கள் சொல்வதை அன்றன்றே, தேதி போட்டு, இடம் விடாமல் எழுதுகிறேன். இரண்டு பெண்களோடு ஸ்டேஷனுக்கும் போயிருக்கிறேன். ஒருத்தியின் கேஸ் ஜெயித்தது. ஒருத்தியின் கேஸ் நிற்கவில்லை. அவள் இப்போது எங்கள் வீட்டில் எங்களோடு இருக்கிறாள். அவளுக்கும் ஆண்டவர் பதில் வைத்திருக்கிறார் என்று நம்பி, இரண்டு பேரும் சேர்ந்து தினமும் கேட்கிறோம்.

இதை வாசிக்கிற சகோதரிகளே, உங்களில் யாருக்காவது சொல்ல முடியாத ஒன்று நடந்திருக்கலாம். நாள் கடந்துவிட்டதே, இனி யார் நம்புவார்கள் என்று உள்ளே வைத்து மூடியிருக்கலாம். முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். ஒப்பிக்க வேண்டாம், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். பிறகு ஒரு மனுஷியிடம் சொல்லுங்கள். ஒருவரும் கிடைக்கவில்லை என்றால் ஆம்பூருக்கு வாருங்கள். தருமாஸ்பத்திரியில் மரகதம் என்று கேட்டால் காட்டுவார்கள். நான் கேட்கிறேன்.