விருத்தாசலத்தில் ஒரு தராசுக்கு வைத்த கறி விருந்து

2007, பொங்கல் முடிந்த வாரம். அக்கா மகள் மீனா ஊட்டச்சத்து படிக்கிறாள். மாதத்தில் எத்தனை முறை கறி, மீன், கீரை, காலையில் வழக்கமாக என்ன சாப்பிடுகிறோம் என்று பெரியவர்களிடம் கேட்கும் கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்திருந்தாள். பதில் சொன்னவர்கள் வீட்டுக்கே, நாள் சொல்லிவிட்டுப் போய், தட்டில் விழுவதை எடை போட்டு, தாளோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் தாள் குப்பைக்கு, ஒரு வருட உழைப்பும் கூடவே. தராசு தூக்க ஆள் இல்லை. ஈரேழு உலகமும் கைகூப்பி வேண்டியதால் நான் சம்மதித்தேன்.

காலை ஆறரைக்குக் கடலூரில் விருத்தாசலம் பஸ். நெய்வேலி வழியாக அறுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், டிக்கெட் பதினெட்டு ரூபாய். வழியில் ஒரு பள்ளத்தில் யானைக் குடும்பமே வாடகைக்கு இருக்கலாம்.

கண்டக்டர் தராசைப் பார்த்தார். "காய்கறி யாவாரமா சார்?"

"இல்லீங்க. ஜனங்க சாப்பாட்ட எட போடப் போறோம்."

"எங்க வூட்டுப் பக்கம் வந்துடாதீங்க சார்."

முதல் இரண்டு வீடுகளிலும் கறி. மதியம் மூன்றாவது வீடு, செல்வியுடையது. பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுபவர். போன வாரம் தாளில் ‘கறி மாதம் ஒருமுறை’ என்றவர். இன்றோ கறிக்குழம்பு, முட்டை, அப்பளம், பாயசம்! அவர் தட்டை எடை போட்ட மீனாவின் முகம் வெளுத்தது. எனக்கு வைத்ததில் ஒரு பட்டாளம் பசியாறியிருக்கும். நான் தனியாகவே சமாளித்தேன்.

"மூணு வூடும் இப்படித்தான் மாமா. தாள் போச்சு," என்றாள் வெளியே வந்து.

எனக்கு ஒரு சந்தேகம். தராசை அங்கேயே ‘மறந்து’ வைத்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் தங்கி, தராசை எடுக்கும் சாக்கில் காலை ஏழுக்குப் போய் நின்றோம். செல்வியின் தட்டில் பழைய சோறு, வெங்காயம், ஒரு துண்டு கருவாடு.

"ஐயோ, சொல்லிட்டு வரக் கூடாதுங்களா?"

"அக்கா, இத எட போடட்டுங்களா?" என்றாள் மீனா.

"இதயா? இதப் போயி யாராச்சும் எட போடுவாங்களா?"

"நேத்து மட்டும் கறி?"

"தராசு தூக்கிட்டு வூட்டுக்கு வராங்க, பழைய சோத்தையா வைக்கிறது? தெருவே சிரிக்காதா?"

நிறுத்தோம். போன வாரம் காலைச் சாப்பாட்டுக்குச் சொன்ன பதிலும் இந்தத் தட்டும் ஒன்றாகவே இருந்தன. தாள் யோக்கியம்தான். லஞ்சம் வாங்கியது தராசு.

"இனிமே என்னைக்குன்னு சொல்லாம வரட்டுங்களா அக்கா?"

"நீ வாம்மா. மாமா வேணாம். அவருக்குப் பழைய சோறு பத்தாது."

மற்ற இரண்டு வீடுகளிலும் இதே சம்மதம் வாங்கினாள். முதலிலிருந்து எல்லாம் நிறுக்க வேண்டும், ஆனால் தாள் பிழைத்தது. இந்த வேலையாக இங்கே வருபவர்கள் கவனிக்க: வருவதற்கு ஒப்புதல் வாங்குங்கள், எந்த நாள் என்று சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால், வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வாருங்கள்.

திரும்பும் பஸ்ஸில் மீனா என்னிடமும் ஒரு தாளை நீட்டினாள். கறி, மாதம் ஒருமுறை என்று எழுதினேன். அவள் தராசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.