பக்கத்து இருக்கை வாத்தியார்

“இது நல்லாத் தெரியுதா, முன்னாடி போட்டது நல்லாத் தெரியுதா?” என்று கேட்டபடி கண்ணாடிக்காரர் வில்லையை மாற்றுகிறார். இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போன் நசுங்கிக்கொண்டிருக்கிறது. நாற்காலியில் இருக்கும் அம்மாள் எதிர்ச்சுவரின் எழுத்துகளை முறைத்துப் பார்த்துவிட்டு, முன்னாடி போட்டதுதான் என்கிறார். அதே நேரத்தில் போனிலும் யாரோ ஏதோ சொல்கிறார்கள். “பெட்ரோல் சேத்தா, தனியா?” என்கிறார் கண்ணாடிக்காரர். கண்ணாடிக்கு எதற்குப் பெட்ரோல் என்று அம்மாள் திடுக்கிட, அவர் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த வில்லையைச் செருகுகிறார்.

வாடிக்கையாளர்களுக்கு இது பழகிப்போன கூத்து. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி ஆனால் போதும், அவர் வாடகைக்கு விமானம் தேடத் தொடங்கிவிடுவார். பெரிதாக ஒன்றும் இல்லை. முன்னால் ஒரே ஒரு காற்றாடி, நான்கு இருக்கைகள். நாலாவது ஆள் ஒல்லியாக இருந்தால் நல்லது.

ஐம்பத்திரண்டு வயது. எப்போதும் இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. சட்டைப் பையில் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணி ஒன்று நாலாக மடிந்திருக்கும். விரல் ரேகை படிந்த கண்ணாடியைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. முன்பின் தெரியாதவரானாலும் தெருவில் நிறுத்தி, “ஒரு நிமிஷம் குடுங்க சார்” என்று வாங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார். திருட்டுப் பயலோ என்று ஒருவர் கத்தியதும் உண்டு.

இந்த மனிதருக்கும் ஆகாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு உடைந்த கண்ணாடிச் சட்டம்தான் சம்பந்தம். பல வருடங்களுக்கு முன் ஒரு விமானி அவசரமாகக் கண்ணாடியைச் சரிசெய்ய வந்தார். காத்திருக்க வைக்காமல் செய்து கொடுத்ததற்காக அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவரை மேலே ஒரு சுற்று அழைத்துப் போனார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். கடையைப் பார்த்துக்கொண்டே ஆறு வருடம் துளித்துளியாகப் படித்து, பரீட்சை எழுதி, தனியார் விமானி உரிமம் வாங்கிவிட்டார். தானே ஓட்டலாம், வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டும் போகலாம். உரிமம் கைக்கு வந்த அன்று மனைவியிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “மொத ஆளா உன்னைத்தான் ஏத்துவேன்.”

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மனைவி இன்னும் தரையில்தான் இருக்கிறார்.

விமானம் வாங்குவது என்பது அவர் கனவிலும் இல்லாத காரியம். வாடகைதான் கதி. அந்த வாடகையில்தான் அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. எட்டும் தூரத்தில் ஐந்து பறக்கும் கிளப்புகள். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொன்னார்கள். அதுகூடப் பரவாயில்லை. மணி நேரம் என்றால் என்ன என்பதையும் ஐந்து விதமாகச் சொன்னார்கள். ஒரு இடத்தில் என்ஜின் உறுமத் தொடங்கியதிலிருந்து கணக்கு. இன்னொரு இடத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து. மூன்றாவது இடத்தில் சாவியைக் கையில் வாங்கியதுமே ஆரம்பித்துவிடுகிறது. நடுவில் பாத்ரூம் போனாலும் வாடகை உண்டு. நாலாவது இடத்தில் வாடகை மலிவு, ஆனால் பெட்ரோல் நம்முடையது, எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து எடுக்க முடியாது. ஐந்தாவது, வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கிற கிளப். அங்கே எல்லாம் சேர்த்து, மீட்டர் ஓடுகிற மணிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. அந்தத் தொகைதான் நெஞ்சை அடைக்கும்.

இதையெல்லாம் அவர் பழைய கண் பரிசோதனைச் சீட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார். வலது கண், இடது கண் என்று அச்சடித்த கட்டங்களுக்குள் பெட்ரோலும் நிமிடங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒருமுறை அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “இந்தக் கண்ணுக்குக் கண்ணாடி போட்டு பிரயோஜனம் இல்ல, ஆபரேஷன்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாள் முழுக்க ஊராரிடம் இதுவா அதுவா என்று கேட்டுக் கேட்டுத் தெளிவு வாங்கிக் கொடுக்கிற மனிதர், தன் விஷயத்தில் மட்டும் திருதிருவென்று முழிக்கிறார். சிரிப்பு வந்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் அவர் கஞ்சன் இல்லை. மனைவியை ஏற்றிக்கொண்டு போகும்போது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பறக்கக் கூடாது என்பது அவர் ஆசை. நிதானமாக ஒரு மணி நேரம் போகவேண்டும். மலிவான இடம் கிடைத்தால்தான் நிதானம் கிடைக்கும் என்று அவராக ஒரு முடிவு கட்டிக்கொண்டுவிட்டார்.

ஆனால் எந்தக் கிளப்பும் புது ஆளிடம் விமானத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாது. முதலில் அவர்களுடைய வாத்தியார் ஒருவர் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வருவார். ஏற்றி, இறக்கி, திருப்பி எல்லாம் பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போடுவார். இதற்கு ‘செக்’ என்று பெயர். அந்த நேரத்துக்கும் வாடகை நம் தலையில்தான். கையெழுத்து அறுபது நாளுக்குச் செல்லும். அதற்குள் ஒருமுறையாவது எடுத்துப் பறக்காவிட்டால் மறுபடியும் வாத்தியார், மறுபடியும் செக். கண்ணாடிக்காரர் ஐந்து இடத்திலும் பாஸ். பாஸ் ஆனதும், இன்னொரு இடத்தில் இன்னும் சல்லிசு என்று யாராவது சொல்வார்கள். அங்கே ஓடுவார். திரும்பிப் பார்ப்பதற்குள் பழைய கையெழுத்துக்கு வயதாகியிருக்கும்.

செக்கின்போதும் அவர் கண் ஒரு இடத்தில் நிற்காது. முன்பலகையின் கீழ் மூலையில், ஓடும் நேரத்தை எண்ணுகிற சின்ன மீட்டர் ஒன்று இருக்கும். அதில் எண் புரள்கிறதா என்று இரண்டு நொடிக்கு ஒருமுறை பார்ப்பார். “வெளிய பாருங்க சார், ஆகாசம் அங்க இருக்கு” என்று ஒரு வாத்தியார் சொன்னதை அவரே அசடு வழியச் சொல்லிச் சிரிப்பார்.

மனைவிக்கு வேலை பஸ் டிப்போவில். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி எந்த நிறுத்தத்தை எப்போது தொடவேண்டும் என்று அட்டவணை போடுகிறவர். இருபத்திரண்டு வருடமாக ஊரின் தெருக்களைக் காகிதத்தில் கோடு கோடாகப் பார்த்து வருகிறார். பதினாலாம் நம்பர் பஸ் மட்டும் ஆற்றங்கரை வளைவில் தினமும் நாலு நிமிடம் தாமதமாகிறது. எத்தனை முறை அட்டவணையைத் திருத்தியும் அந்த நாலு நிமிடம் எங்கே போகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. மேலேயிருந்து ஒருமுறை பார்த்துவிடவேண்டும் என்பது அவருடைய ஆசை. இதை அவர் இரண்டு வருடத்தில் மூன்று தடவைதான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

நாலாவது தடவை சொன்னது இந்த மாதம். காரணம் கண்ணாடிக்காரரின் சர்க்கரை. விமானிகளுக்கான மருத்துவச் சான்றிதழ் மாதக் கடைசியில் முடிகிறது. போன தடவையே டாக்டர் ரத்தச் சீட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இந்த முறை சான்றிதழ் கிடைக்காமலே போகலாம். கிடைக்காவிட்டால் உரிமத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவேண்டியதுதான். கையில் இருப்பது இருபத்து மூன்று நாள்.

அன்று சாயங்காலம் அவர் சாப்பாட்டு மேஜையில் பரிசோதனைச் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, எதிலிருந்து எதைக் கழிப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். மனைவி சீட்டுகளைத் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த அவருடைய பறப்புப் புத்தகத்தை எடுத்தார். எந்த நாள், எந்த விமானம், எவ்வளவு நேரம், கூட யார் என்று ஒவ்வொரு பயணமும் அதில் பதிவாகியிருக்கும். டிரைவர்களின் டிரிப் ஷீட்டைப் பார்க்கிற அதே தோரணையில், விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார்.

“ரெண்டு வருஷத்துல பதினோரு தடவை போயிருக்கீங்க.”

“ஆமா.”

“பதினோரு தடவையும் பக்கத்துல ஒரு வாத்தியார் உக்காந்திருக்கார்.”

புதுக் கிளப் என்றால் அவர்கள் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று கண்ணாடிக்காரர் விளக்க ஆரம்பித்தார். பார்த்துவிட்டுக் கொடுத்தார்களே, கொடுத்த பிறகு எடுத்தீர்களா என்று மனைவி கேட்டார். அவர் சீட்டைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். வரிக்கு வரி, வெவ்வேறு மையில், ஐந்து கிளப் வாத்தியார்களுடைய கையெழுத்து. தான் எழுதிய புத்தகத்தில் தன் பயணம் ஒன்றுகூட இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கே தவறினோம் என்று மட்டும் புரியவில்லை. ஒவ்வொரு தடவையும் சரியாகத்தானே செய்தோம் என்றே தோன்றியது.

“எந்த பிளேனுன்னு எனக்குக் கவலை இல்லீங்க. வாத்தியாருங்க உக்காந்த எடத்துல ஒரு நாள் நான் உக்காரணும்.” மனைவி புத்தகத்தை மூடி வைத்தார். “இருவது நிமிஷக் கிளப்புல கையெழுத்து இன்னும் ஒம்பது நாளுக்குச் செல்லும். தேதி போட்டிருக்கு.”

கண்ணாடிக்காரர் வெள்ளிக்கிழமைக்கு அங்கேயே சொல்லி வைத்தார். விஷயம் முடிந்தது என்று பார்த்தால், வியாழன் மத்தியானம் கடைக்கு ஒரு போன். ஆறாவதாக ஒரு கிளப் புதிதாகத் திறந்திருக்கிறார்களாம். வாடகை பாதி. பெட்ரோல் சேர்த்து. சனிக்கிழமை வந்து ஒரே ஒரு செக் முடித்துவிட்டால் போதும். கண்ணாடிக்காரருக்குக் கை ஓடவில்லை. அன்று மத்தியானம் வந்த ஒரு வாடிக்கையாளரிடம் ஒரே வில்லையை மூன்று முறை போட்டு, இதா முன்னாடி போட்டதா என்று கேட்டார். அவரும் மூன்று முறை மூன்று பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தார். பாதி வாடகை என்றால் ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாகும். மூன்று நாள் தள்ளிப்போனால் குடியா முழுகிவிடும்? மனைவி கேட்டுக்கொண்டே துவைத்த துணிகளை மடித்தார். கடைசித் துணியையும் மடித்து வைத்த பிறகு, “நாளைக்கு நான் லீவு எழுதிக் குடுத்துட்டேன்” என்றார். பல்வலிக்குக்கூட லீவு போடாதவர் அவர்.

வெள்ளிக்கிழமை காலை, காற்று அதிகம் இல்லை. கண்ணாடிக்காரர் விமானத்தைச் சுற்றி வந்து, இறக்கையைத் தட்டி, பெட்ரோலை அளந்து, வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். மனைவி ஏறி உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். என்ஜின் ஓடினால்தான் காசு என்பதால், அணைந்திருக்கும்போதே ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுத் தனக்குள் முணுமுணுத்து முடிப்பது அவர் வழக்கம். அதை முடித்தார். ஹெட்ஃபோனை மனைவியின் தலையில் மாட்டிவிட்டார். பிறகு கையைச் சாவியில் வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் வலப்பக்கம் திரும்பி முதுகை நிமிர்த்தினார்.

“ஆரம்பிக்கலாமா சார்?”

மனைவி சிரிக்கவில்லை. “ம். ஆரம்பிங்க” என்றார்.

என்ஜின் உறுமியது. மூலையில் மீட்டர் ஓடத் தொடங்கியது. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். ஹெட்ஃபோன் மாட்டியதில் மனைவி போட்டிருந்த கண்ணாடியில் இரண்டு பக்கமும் விரல் ரேகை படிந்திருந்தது. கையை நீட்டிக் கண்ணாடியைக் கழற்றி வாங்கினார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து உதறி, முதலில் வலது வில்லை, பிறகு இடது வில்லை, ஓரங்கள், மூக்குத் தாங்கி என்று, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் துடைப்பதுபோல் மெதுவாகத் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை துடைத்தார். மனைவியின் காதுகளில் அதை ஒழுங்காகப் பொருத்தினார். துணியை மறுபடி நாலாக மடித்து, பைக்குள் வைக்கப் போனவர் நின்றார். அதைப் பிரித்து, எண் தெரியாதபடி மீட்டரின் மேல் விளிம்பில் செருகித் தொங்கவிட்டார்.