மூன்று நாள் கேட்ட டொக்டர்

அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே வெளிநோயாளர் வரிசை கேற் வரைக்கும் நின்றது. டொக்டர் றெஜினாவின் கதிரை மட்டும் காலியாக இருந்தது. நாயாற்றிலிருந்து வந்த தாயொருவர், "மிஸ்ஸி, டொக்டர் இன்னும் வரேல்லையோ?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது டொக்டரின் தம்பி அன்ரன் தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா போயிட்டா, மிஸ்ஸி. தேத்தண்ணி குடுக்கப் போனனான். எழும்பேல்லை."

அத்தனை முகங்களுக்கும் நான் என்ன சொல்வேன்? "டொக்டர் இனி வரமாட்டா" என்றேன். ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை.

இன்று டொக்டரின் முப்பத்தோராம் நாள். திருப்பலி முடிந்து பேசியவர்கள் எல்லோரும் அவரைத் தியாகி என்றார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என்ன தியாகம்? அவர் உயிரோடு இருந்து வேலை செய்ய ஒரு வழி கேட்டார், கொடுக்கவில்லை. பதினெட்டு வருடம் தாதியாக இருப்பவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அவர் நாயாற்றுக் கடற்கரைப் பிள்ளை. தகப்பனார் கரைவலை இழுத்தவர். ஏழு வருடங்களுக்கு முன்னர் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு நியமனமாகி வந்தார். வந்த கையோடு இடமாற்றம் கேட்டு எழுதும் டொக்டர்மாரைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்த நான், முதல் நாளே "எத்தனை மாசத்துக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மிஸ்ஸி, நான் வீட்டுக்கு வந்திருக்கிறன். இனி எங்க போறது?"

மூன்று வருடங்களுக்கு முன்னர் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகின. செவ்வாயும் சனியும் வவுனியாவுக்குப் பஸ்ஸில் போய், நான்கு மணித்தியாலம் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு திரும்புவார். நாள் முழுவதற்கும் ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான் குடிக்கலாம். சித்திரை வெயிலில் அந்தப் போத்தலை மேசையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் "நல்லாத் தண்ணி குடியுங்கோ" என்று சொல்லுவார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். எனக்குச் சிரிப்பு வராது.

அப்போது இன்னொரு டொக்டரும் இருந்தார். டொக்டர் றெஜினா இல்லாத நாட்களை அவர் பார்த்தார். அதற்கு ஈடாக அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளை இவர் பார்த்தார். நாங்கள் அதைப் பெரிய உதவி என்று நினைத்தோம். நோயாளியான ஒரு பெண்ணின் ஓய்வு நாளைப் பறித்துக்கொண்டோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பிறகு அந்த டொக்டர் இடம்மாறிப் போனார். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை.

அதன் பின்னர்தான் அவர் கடிதம் எழுதினார். திங்கள், புதன், வெள்ளி மட்டும் தனக்கு வேலை, மற்ற நாட்களுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை அனுப்புங்கள் என்று. அவ்வளவுதான். மேலதிகாரியைப் பார்க்கத் துணைக்கு நானும் போனேன். அந்த மனுசன் கடிதத்தை முழுதாக வாசிக்கக்கூட இல்லை.

"டொக்டர், அரை டொக்டர் எண்டு ஒரு பதவி இல்லை. ஏலாதெண்டா மெடிக்கல் லீவில போங்கோ."

"நான் போனா அங்க ஆர் வருவினம்?"

"அதைப் பிறகு பாப்பம். ரெண்டு மூண்டு நாளுக்கெண்டு ஆளை அனுப்ப ஏலாது. அப்பிடி ஒரு நடைமுறையே இல்லை."

டொக்டர் எழுந்து நின்றார். "ஐயா, எங்கட அப்பாவின்ர கரைவலையில முழுசா இழுக்க ஏலாத ஆளுக்கு அரைப்பங்கு இருந்தது. நெஞ்சுவருத்தக்காரரும் தங்கட அளவுக்கு இழுத்துப்போட்டு மீன் கொண்டு போனவை. ஒருத்தரையும் கரையை விட்டுக் கலைக்கேல்லை. படிச்ச நீங்கள் கலைக்கிறீங்கள்."

அவர் அங்கே குரலை உயர்த்தவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அழுதார். எழுதப் படிக்கத் தெரியாத கடற்கரைச் சனத்துக்கு இருந்த அறிவு, குளிரூட்டிய அறைக்குள் இருந்தவருக்கு இல்லாமல் போனது.

கடைசிச் செவ்வாய்க்கிழமை அவர் வவுனியா பஸ்ஸில் இருந்தார். வயலில் புடையன் பாம்பு கடித்த செல்லையா என்பவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்புலன்ஸ் பிரசவத் தாயொருவரோடு முல்லைத்தீவுக்குப் போயிருந்தது. வேறு டொக்டர் இல்லை. நான்தான் அழைத்தேன். ஓம், நான்தான்.

"கடிவாய்க்கு மேல கட்டுப் போட்டிருந்தா இறுக்காதேங்கோ, மிஸ்ஸி. ஒட்டுசுட்டானில இறங்கிறன். வாறன்."

ஓட்டோ பிடித்து வந்தார். மருந்து ஏற்றி, பொழுதுபடும் வரைக்கும் செல்லையாவின் கட்டிலை விட்டு விலகவில்லை. மறுநாள் வரச்சொல்லி வவுனியாவில் இயந்திரத்துக்கு இடம் கொடுத்தார்கள். மறுநாள் இங்கே வரிசை கேற் வரைக்கும் நின்றது. "சனிக்கிழமை போறன்தானே" என்றார். வியாழக்கிழமை அவருடைய வீங்கிய கால்கள் செருப்புக்குள் போகவில்லை. நான் ஏசினேன். ஏசத்தான் எனக்குத் தெரியும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகத் தெரியவில்லை.

இன்று செல்லையா தேவாலயத்தின் கடைசி வரிசை வாங்கில் இருந்தார். "என்னாலதானே, மிஸ்ஸி" என்று குமுறினார். "உங்களால இல்லை, அண்ணை" என்றேன். யாரால் என்று எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பக்கத்து ஆஸ்பத்திரி டொக்டர் ஒருவர் தற்காலிகமாக வருவாராம். வாரத்தில் மூன்று நாள். இல்லாத நடைமுறை இப்போது எங்கிருந்து வந்தது? அறிவித்தலை எழுதி ஒட்டும் வேலை என் தலையில் விழுந்தது. அவருடைய அறைக் கதவில் என் கையெழுத்தில்தான் இருக்கிறது: "டொக்டர் வரும் நாட்கள்: திங்கள், புதன், வெள்ளி."

போயிட்டு வாங்கோ, டொக்டர். இந்தப் பஸ்ஸிலிருந்து உங்களை நான் இறக்கமாட்டன்.