பதினான்கு பேருக்கு ஒரு கோட்டு

கோவா, அதுதான் முட்டைக்கோஸ், அவிக்கிற மணத்துக்குப் பயந்து நீங்கள் எப்போதாவது வீட்டை விட்டு ஓடியிருக்கிறீர்களா? நான் போன சனிக்கிழமை ஓடினேன். கனடாவில் நான் இருக்கிற ஸ்ரௌவ்வில்லில், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்துவைத்துப் பானை நிறையக் கோவா அவித்தார். நான் கோப்பிக் கடையில் போய்ப் பதுங்கிக்கொண்டேன். இருபத்தாறு வயது, டிகிரி வேறு. கேவலம்தான்.

அந்த மணம் எனக்கு அப்பாவின் மொஸ்கோ. கனடாவுக்கு வரும் வழியில், களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரை அங்கே ஒரு ஃபிளாட்டில் எட்டு மாதம் பூட்டிவைத்திருந்தான். பதினான்கு பொடியங்கள். சாப்பாடு கோவா. வெளியே போக ஒரேயொரு கோட்டு, முறை வைத்துப் போட வேண்டும். கனடா வந்து சென் ஜேம்ஸ் ரவுண் ஃபிளாட்டில் நாங்கள் இருந்த காலத்தில் ஒவ்வொரு பிறந்தநாள் பார்ட்டியிலும் அப்பா இதை நடித்துக் காட்டுவார்.

"ஆறடி நெட்டையனுக்கும் அதே கோட்டு, எனக்கும் அதே கோட்டு!"

அங்கிள்மார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. வழியில் பட்ட பாட்டையெல்லாம் பகிடியாக்கி, கேக்கோடு பரிமாறிவிடுவார்கள். நானும் பகிடி என்றே நம்பினேன்.

அதனால்தான் என் கல்லூரி சினிமாக் கழகம் ஒரு பழைய தியேட்டரில், சோவியத் உடைந்த பிறகான ஒரு சின்ன ஊரைப் பற்றிக் கலைப்படம் போட்டபோது அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். படம் முழுக்க லூசுத்தனம். ஒருவன் தினமும் வேலைக்குப் போய், சம்பளத்துக்குப் பதில் தொப்பி தொப்பியாக வாங்கி வருகிறான். அப்பாவும் சிரித்தார். பிறகு யாரோ கதவைத் தட்ட, ஒரு குடும்பமே மேசைக்குக் கீழே ஒளிகிறது. வெளியே நிற்பது கேக்கோடு வந்த கிழவர். தியேட்டரே வெடித்துச் சிரித்தது.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சிரிக்காத. கீழ்வீட்டுக்காரிக்குக் கேக்கும்."

"றிலாக்ஸ் அப்பா, இது படம்."

"சிரிக்காத எண்டு சொல்லுறன்!"

சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் வெளியே போனார். பின்னால் ஓடினேன். படிக்கட்டில் இருந்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"செல்வன் எண்டு ஒருத்தன் மொஸ்கோவில எங்களோட இருந்தவன். சரியான இருமல். ஒருநாள் கீழ்வீட்டுக்காரி சொல்லிக்குடுத்து, பொலிஸ் வந்து கதவைத் தட்ட, தலகணியால அவன்ர வாயைப் பொத்தினது. பொலிஸ் லேசில போகேல்லை."

"பிறகு?"

"பிறகு அவன் இருமேல்லை."

"ஆர் பொத்தினது? நீங்களே?"

அப்பா சப்பாத்தைப் போட்டு நாடாவைக் கட்டினார். கட்டி முடிய நெடுநேரம் எடுத்தது.

"குளிருது. வா, போவம்."

அதற்குப் பிறகு அப்பா எந்தப் பார்ட்டியிலும் கோட்டுக் கதை சொல்லவில்லை. கேட்டுச் சிரிக்கிற அங்கிள்மாரும் குறைந்துவிட்டார்கள். அந்தத் தியேட்டரை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பிவிட்டார்கள். அவரோடு தனியே இருக்க எனக்குப் பயம். மறுபடி கேட்டுவிடுவேனோ என்று பயம். அவர் 'ஓம்' என்றுவிடுவாரோ என்று அதைவிடப் பயம்.

இன்று அவரைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். நான் காருக்குள் இருந்து இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா முன் சீட்டில் ஏறி, பெல்ட் போடுகிறார். காருக்குள் நாங்கள் இரண்டு பேர்தான்.